ஜூடித் கடந்த ஆறு

ஐல்சா முதுகில் சுமந்த பை அவளுடையது அல்ல. மூடியின் உட்புறத்தில் கறுப்பு மையில் ஜூடித் என்று எழுதியிருந்தது. ஜூடித், டெஸ்மண்டின் முதல் மனைவி. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பல் மருத்துவரோடு கடல் தாண்டி பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். போகிறவள் பையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். "நல்ல பை இருக்க, புதுசு எதுக்கு?" என்று டெஸ்மண்ட் அதைப் பரணிலிருந்து இறக்கித் தந்தபோது கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் ஐல்சா வாயைத் திறக்கவில்லை.

நாலு நாள் மலை நடை. நாற்பத்து நாலு வயதில் அவளுக்கு இதுதான் முதல் தடவை. கிரேமவுத் ஊரில் ஒரு மருந்துக்கடையில் இருபது வருஷம் நின்றே பழகிய கால்கள், எப்படியோ தாங்கின. தாங்க முடியாமல் போனது ஜூடித்தைத்தான். முதல் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கி அவள் உட்கார்ந்தபோது, "ஜூடித் இந்த ஏத்தத்துல பாடிக்கிட்டே போவா" என்றான் டெஸ்மண்ட். இரண்டாம் நாள் கணவாயில் காற்று பல்லைக் கிட்ட வைத்தபோது, "ஜூடித்துக்கு இங்க அரைக்கால் சட்டையே போதும்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்கிறவன் இல்லை. அதனால்தான் சண்டை போடவும் வழியில்லாமல் இருந்தது.

"மூணாவதா ஒருத்தியக் கூட்டிட்டு வந்திருக்கியே, அவளையும் கொஞ்சம் அரிசி தூக்கச் சொல்லு" என்றாள் ஐல்சா, மூன்றாம் நாள்.

டெஸ்மண்டுக்குப் புரியவில்லை. "யாரு?"

ஒரு பகலாவது அந்தப் பெயர் காதில் விழாமல் நடந்து முடிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இங்கே அது நடக்காவிட்டால் வீட்டிலும் நடக்காது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மலை நடப்பவர்கள் இரவு தங்கும் கடைசிக் குடிலிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் ஆறு, ஆற்றைத் தாண்டி இன்னொரு மணி நேரத்தில் கார். இரவெல்லாம் கூரைத் தகரத்தில் மழை கொட்டியிருந்தது. கிளம்புமுன் டெஸ்மண்ட் குடில் நோட்டில் அவசரமாக ஒரு வரி கிறுக்கினான்: இரண்டு பேர், ஆற்றைக் கடந்து வெளியே. வருகிறவர்கள் எல்லோரும் அதில் பெயரும் போகும் வழியும் எழுதியாக வேண்டும். யாராவது வீடு திரும்பாவிட்டால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான். அந்தக் குடிலுக்கு ஆள் வருவது அபூர்வம் என்பதால் ஒரே நோட்டு பதினாலு வருஷமாக மேஜையில் கிடந்தது.

ஆறு பழுப்பு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு முழு மரம், வேரோடு, அவர்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது. அடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் ஐல்சாவின் நெஞ்சுக்குள் கேட்டது.

"கையக் கோத்துக்கிட்டு இருபது எட்டு வச்சா, அவ்வளவுதான் கண்ணு. தண்ணியப் பாக்காத, எதிர்க்கரையப் பாரு" என்றான் டெஸ்மண்ட்.

"அடியில கல்லு உருளுது, டெஸ்."

"ஆறுன்னா சத்தம் போடத்தான் செய்யும். நாளைக்குக் காலையில பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கும். நான்தானே ஓட்டணும்?" அவள் அசையாததைப் பார்த்துவிட்டு, "ஜூடித் இதே இடத்துல இதைவிடப் பெரிய வெள்ளத்தைக் கடந்திருக்கா" என்றான்.

"வேணாம்" என்றாள் ஐல்சா.

டெஸ்மண்ட் இருக்கும் மலைநடைச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஆற்றங்கரையில் ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் யாரும் இறங்கக்கூடாது, காரணமும் கேட்கக்கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கொடுப்பவனே டெஸ்மண்ட்தான். கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் யாரும் அவனிடமே அதைப் பயன்படுத்தியதாக ஐல்சா கேள்விப்பட்டதில்லை.

"பயம் இருக்கிறது சகஜம்தான்..."

"காரணம் கேக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன? வேணாம்னா வேணாம்."

"அப்ப நாளைக்குப் பஸ்ஸ யாரு ஓட்டுவா? உங்கப்பனா?"

"எங்கப்பா செத்து ஆறு வருஷமாச்சு. அவருக்கு லைசென்சும் கிடையாது."

திரும்பி வந்த ஒரு மணி நேரமும் டெஸ்மண்ட் இருபது அடி முன்னால் நடந்தான். அவன் முதுகே அவளைத் திட்டியது. குடிலில் பையைப் போட்டுவிட்டு, ஏற்கெனவே போதுமான விறகு இருக்க, கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஐல்சாவுக்கு அழுகை வந்தது. இனிமேல் ஆயுசுக்கும் இந்த ஆற்றைச் சொல்லிக் காட்டுவான் என்று நினைத்தாள்.

நோட்டில் இருந்த வரி இப்போது தப்பு. அதைத் திருத்த உட்கார்ந்தவள் சும்மா பழைய பக்கங்களைப் புரட்டினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிப்ரவரியில் கை நின்றது. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். நாலு நாளாக அதைத்தான் முதுகில் சுமக்கிறாள்.

'ஜூடித், டெஸ்மண்ட். ஆறு பெருக்கு. நான் வேண்டாம் என்றேன். இரண்டாவது நாளாகக் காத்திருக்கிறோம். டெஸ் இன்னும் பேசவில்லை. அவனுடைய பழைய சிநேகிதி ஹீதர் இதைவிடப் பெரிய வெள்ளத்தைக் கடந்தவளாம்.'

ஐல்சா இரண்டு தடவை படித்தாள். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள். நோட்டை அந்தப் பக்கத்திலேயே விரித்து வைத்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

விறகோடு வந்த டெஸ்மண்ட் மேஜையருகே நின்றான். விரித்திருந்த பக்கத்தைப் படித்தான்.

"அன்னிக்கு மழை ரொம்ப ஜாஸ்தி" என்றான் கடைசியில்.

"ஹீதருக்கும் ஜாஸ்தியா?"

அவன் விறகை ஒவ்வொன்றாக, தேவைக்கு மேல் ஒழுங்காக அடுக்கினான். காது சிவந்திருந்தது.

"ஹீதர் மலைக்கே வந்ததில்ல" என்றான்.

ஐல்சா அவனுக்கு டீ கொடுத்தாள். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த ஓட்ஸைக் கஞ்சியாக்கி இரண்டு பேரும் குடித்தார்கள். அவள் நோட்டில் எழுதினாள்: 'ஐல்சா, டெஸ்மண்ட். ஆறு பெருக்கு. நான் வேண்டாம் என்றேன். டெஸ் பேசிவிட்டான்.'

மறுநாள் காலை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, அடியிலிருந்த கூழாங்கற்கள் தெரிந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்நேரம் எங்கோ நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டெஸ்மண்ட் கையை நீட்டிவிட்டு, இறங்காமல் நின்றான்.

"போலாமா?"

இந்த நடையில் அவன் அவள் சம்மதத்தைக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஐல்சா அவசரப்படவில்லை. மேல்பக்கம் பார்த்தாள், கீழ்ப்பக்கம் பார்த்தாள், காது கொடுத்துக் கேட்டாள்.

"போலாம்" என்றாள்.

காருக்கு வந்து சேர்கிற வரை அவன் வாயிலிருந்து யார் பெயரும் வரவில்லை. பைகளைப் பின்னால் ஏற்றும்போது, "ஊருக்குப் போனதும் உனக்கு ஒரு புதுப் பை வாங்கிடலாம்" என்றான்.

"வேணாம்."

காரணம் கேட்க வாயெடுத்தவன், மூடிக்கொண்டான். ஐல்சா காரின் முன்பக்கப் பெட்டியிலிருந்து பேனாவைத் தேடி எடுத்து, பை மூடியைத் திருப்பி, ஜூடித் என்றிருந்ததற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.