தொடர்பு முகவரி

…இல்லை, அக்காவுக்குச் சோதனையாக அனுப்பிய கொட்டேஷன் மறுபடியும் ஸ்பேமில்தான் போய் விழுந்திருக்கிறது, “குப்பையில கிடக்குடி, எடுத்துக் கழுவித் தரவா?” என்று பக்கத்து அறையிலிருந்து அக்கா கத்துகிறாள், சிரிக்கட்டும், சாயங்காலத்துக்குள் இந்தப் புது மெயில் முகவரி வேலை செய்தாக வேண்டும், செய்ய வைப்பேன். குடிநீரைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில், தொழில் என்று சொல்லவே இன்னும் கூச்சமாக இருக்கிறது, பின்னறை, ஒரு மேசை, வரிசையாகக் குடுவைகள், தண்ணீரை அளந்தெடுக்க ஒரு பிப்பெட், அவ்வளவுதான். குடியிருப்புச் சங்கச் செயலாளர் நேற்று போனில், “ஏம்மா, மாசாமாசம் தண்ணி டெஸ்ட் பண்ற வேலையை உங்களுக்கே குடுத்துடலாம்னு இருக்கோம், ஆனா ‘குட்டிமயில்’னு ஒரு மெயில்லேருந்து வந்த கொட்டேஷனை நான் எப்படிம்மா கமிட்டில வைக்கிறது?” என்றார், பின்னால் யாரோ சிரித்தார்கள். பள்ளியில் படித்தபோது அப்பா திறந்து கொடுத்த முகவரி, அவருக்கு நான் மயில், கமிட்டிக்கு நான் யார்? “ம்” என்று மட்டும் சொன்னேன், இன்னொரு “ம்” கூடச் சொன்னேனோ என்னவோ.

என் ஆய்வகத்தின் பெயரில் ஒற்றைப் பக்க வெப்சைட் ஏற்கெனவே இருக்கிறது, அதே பெயரில் மெயிலுக்கு இருப்பதிலேயே மலிவான திட்டம் போதும், ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு ஆளுக்கு வேறெதற்கு. இந்தப் பெயருக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும், இந்தப் பெயரில் யார் அனுப்பலாம் என்று மெயில் கம்பெனி கொடுத்த வரிகளை, வெப்சைட் பெயரை நான் வாங்கிய கம்பெனியின் பக்கத்தில் ஒட்டினேன், சேமித்தாயிற்று என்று பச்சையாகக் காட்டுகிறது, பிறகு ஏன் எந்த மெயில் பெட்டியும் என்னை நம்ப மாட்டேன் என்கிறது? விடை தப்பாக வந்தால் விடையைத் திட்டிப் பயனில்லை, ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், வரிகள் சரி, எழுத்துகள் சரி, இடம்… இடம்! போன வருஷம், விலை குறைவென்று வெப்சைட்டை வேறு கம்பெனிக்கு மாற்றினேனே, அன்றிலிருந்து இந்தப் பெயர் யாருடையது என்று எல்லா மெயில் பெட்டிகளும் அங்கேதான் போய் விசாரிக்கின்றன, நான் காலி செய்த வீட்டுக் கதவில் காலையிலிருந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன், மக்கு, மகா மக்கு. வரிகளை அங்கே ஒட்டி, காத்திருந்து, நகத்தைக் கடித்து, மறுபடி அனுப்பினேன்.

“வந்துடுச்சுடி, இன்பாக்ஸ்லயே!” அக்கா கதவருகே வந்து நின்றாள். “ஆமா, கொட்டேஷன்ல ‘நாங்கள் பரிசோதிக்கிறோம், நாங்கள் அறிக்கை தருவோம்’னு போட்டிருக்கியே, யாருடி அந்த நாங்கள்? நீயும் உன் பிப்பெட்டுமா?” அதே கொட்டேஷனைச் செயலாளருக்கு அனுப்பினேன், முகவரியில் பெயர் கேட்ட இடத்தில் ‘தொடர்பு’ என்று வைத்திருந்தேன், கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்திலும் ஆய்வகத்தின் பெயர்தான், அதுதானே முறை, அப்படித்தானே எல்லோரும் செய்கிறார்கள்… பதில் உடனே வந்துவிட்டது. கிடைத்தது, திருப்தி, முடிவு செய்வதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் தலைவரை என்னோடு பேசச் சொல்லுங்கள், நேற்றுப் பேசிய பெண்ணிடம் என் எண் இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். நேற்றுப் பேசிய பெண். எவ்வளவு கவனமாக என்னை எங்கேயும் வைக்காமல் விட்டிருக்கிறேன்… நாளைக்கு என்று தள்ளினால் நாளைக்கும் தள்ளுவேன், செயலாளரின் எண்ணை அழுத்திவிட்டேன், மணி போகிறது, தலைவர் பேசுகிறேன் என்றால் நேற்றுப் பேசிய பெண்ணின் குரல்தான் என்று அவர் கண்டுபிடித்துவிடுவாரே, கண்டுபிடிக்கட்டும், நான் யாரென்று தெரியத்தானே இவ்வளவும்… அதற்குத்தானா?