ஸ்னெஜானா வீட்டு விறகு

காலையில் ஸ்னெஜானா வெளிக்கதவைத் திறந்தால், சுவரோரமாக ஒரு வண்டி விறகு அடுக்கியிருக்கிறது. பிளந்து காய வைத்த, பீச் என்கிற அருமையான காட்டு மரம். முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்தில் ஒரு சுள்ளிகூடக் கிடையாது. செத்தவர்களுக்காகக் கதவில் ஒட்டும் நினைவுத் தாளின் போட்டோவிலிருந்து அவள் புருஷன் மீத்கோ ஒன்றும் தெரியாதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய் ஆறு மாதம் ஆகிறது.

யார் வேலை என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பால்கன் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், விடியும் முன் வந்து, கதவைத் தட்டாமல் விறகு அடுக்கிவிட்டுப் போகிற கூட்டம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய சேவைச் சங்கம். குளிர்காலத்துக்கு விறகு வாங்க முடியாத வயசானவர்களுக்கு அவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள். ஒரு தடவை ஒரு பழைய வாத்தியார் வெட்கப்பட்டு அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து, யார் கேட்டாலும் 'எனக்குத் தெரியாது' என்று மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம். சட்டம் போட்டவள் சாட்சாத் ஸ்னெஜானாவேதான்.

சங்கத் தலைவர் வெலிச்கோவுக்கு போன் போட்டாள். அவர் பல் டாக்டர்.

"டாக்டரே, வீடு மாத்தி எறக்கிட்டீங்க."

"எதை?"

"விறகை."

"எந்த விறகு? எனக்குத் தெரியாதே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டு தீமோவுக்கு வந்ததாக இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். தனிக்கட்டை, ஒட்டுப்போட்ட கோட்டு. தள்ளுவண்டியில் ஒரு நடை ஏற்றிக்கொண்டு போய் அவன் வாசலில் நிறுத்தினாள்.

தீமோ விறகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இத வச்சு நான் என்ன பண்ண? அடுப்பத்தான் பிடுங்கிட்டேனே. இப்ப எல்லாம் கரண்ட்டுதான். உனக்கு எடம் இல்லன்னா சொல்லு, அடுக்கித் தரேன்."

போன சுமையை அப்படியே திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தாள். தெருவே வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். தீமோவுக்கு இல்லையென்றால் தனக்குத்தானா? தன்னைப் போய் எந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்? பென்ஷன் வருகிறது, கை கால் நன்றாக இருக்கிறது. யார் முன்னாலும் கை நீட்டியதில்லை.

புதன்கிழமை மிட்டாய்க்கடைப் பின்னறையில் சங்கக் கூட்டம். அவள் உள்ளே போனாள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் இன்னும் இந்தச் சங்கத்துல இருக்கேனா? இல்ல, நீங்க தர்மம் பண்ற ஆளா ஆயிட்டேனா?"

ஆளாளுக்கு 'எனக்குத் தெரியாது' என்று முனகினார்கள். இவ்வளவு ஒழுங்காக அந்தச் சட்டத்தை அவர்கள் என்றைக்குமே காப்பாற்றியதில்லை. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

கப்ரோவோவுக்கு பஸ் ஓட்டுகிற லூபென்தான் கடைசியில் தாங்க மாட்டாமல் விஷயத்தை உடைத்தான். "அக்கா, தெனமும் உங்க வீட்டத் தாண்டித்தான் பஸ்ஸ ஓட்டறேன். ஊருல எல்லார் வீட்டு வாசல்லயும் விறகு வந்தாச்சு. உங்க வாசல் காலியாவே கெடக்கு."

"விறகுக்குச் சொல்லி வச்சிருக்கேன்னு சொன்னேனே."

"யார்கிட்ட?"

"யார்கிட்டன்னா... அந்த ஆளு..."

எந்த ஆள்? மேலே இருக்கிற கிராமத்திலிருந்து டிராக்டரில் வருவான், மீசை வைத்திருப்பான், மீத்கோவோடு ஒரு கிளாஸ் ராக்கியாச் சாராயம் குடித்துவிட்டுப் போவான். பெயர் தெரியாது. நம்பர் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் விறகு தானாக வந்தது. ஊரில் பாதி வீட்டுக்கு விறகு அடுக்கியவளுக்கு, தன் வீட்டுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கேயோ சொல்லி வைத்திருக்கிறோம் என்று ஆறு மாதமாக அவளே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மீத்கோதான் சொல்லி வைப்பாரு," என்றாள். "நான் கேட்டுக்கிட்டதே இல்ல."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அடக்கத்தன்று வராத அழுகை அத்தனையும் அந்த மிட்டாய்க்கடையில் வந்தது. யாரும் தேற்ற வரவில்லை. என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. வெலிச்கோ தன் கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சனிக்கிழமை மேட்டுத் தெருவுல மூணு வீடு இருக்கு. விடியறதுக்கு முன்னாடி வண்டி வரும். போன தடவ மாதிரி கையுறைய மறந்துட்டு வராதீங்க."