வெயில் வந்ததும் எழுதுகிறேன்

மே மாதத்தில் ஒரு மதியம், பாலர் பள்ளியின் வாசலில் பிள்ளைகளுக்கு மழைக் கால்சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்த தோருனுக்கு அவள் கணவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் கணவன் ஆர்வெ அதற்கு முந்தைய செப்டம்பரில் மலைக்குப் போனவன். திரும்பவில்லை. செத்துப்போனான் என்று பாதி ஊரும், ஓடிப்போனான் என்று மீதி ஊரும் குளிர்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

நான் அந்தப் பள்ளியில் சமையல் பார்க்கிறவள். கஞ்சிப் பானையோடு வெளியே வந்தபோது, தோருன் ஒரு பிள்ளையின் ஒற்றைக் காலைக் கையில் பிடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை மற்றக் காலில் நொண்டிக்கொண்டு, "விடு, விடு" என்று சிணுங்கியது. அவளுக்குக் கேட்கவில்லை.

ஆர்வெ மலைக்குப் போனது தன் அண்ணன் ஹால்வரின் ஆடுகளைத் தேடி. கோடை முழுக்க மலையில் மேயும் ஆடுகளை செப்டம்பரில் கீழே ஓட்டிவருவோம். இப்போதெல்லாம் ஆட்டின் கழுத்துப் பட்டையில் ஒரு கருவி இருக்கும். ஆடு எங்கே நிற்கிறது என்று போனில் புள்ளியாகக் காட்டும். நாள் முழுக்கப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் மத்தியானத்துக்குள் போன் செத்துவிடும். அதற்காகத்தான் ஆர்வெ வெயிலில் சார்ஜ் ஏற்றும் தகடு ஒன்றை வாங்கினான். மடித்தால் புத்தகம் மாதிரி இருக்கும். விரித்து முதுகுப்பையின் மேல் கட்டிக்கொள்வான். நாங்கள் அவனைச் சும்மா விடவில்லை.

"ரெண்டு மாசம் சூரியனே எட்டிப் பாக்காத ஊர்ல வெயில் சார்ஜரா?" என்று ஹால்வர் ஊர்ப் பொதுக்கூடத்தில் வாஃபிளைக் கடித்துக்கொண்டே கேட்டான். "அடுத்து என்னடா, ஒட்டகம் வாங்கப் போறியா?"

"கோடையில ராத்திரியும் வெயில் அடிக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு? உன் ஆட்டைத் தேடத்தானே வாங்குனேன். வாயை மூடிட்டுத் தின்னு."

அவன் போன அன்று காலையில் அவனுக்கும் தோருனுக்கும் சண்டை. அவளுக்குத் தெற்கே, ட்ரோன்ஹைமில், ஒரு வேலை கிடைத்திருந்தது. அவனுக்கு ஊரை விட்டு வர மனமில்லை. "நான் போகத்தான் போறேன். வரதா இருந்தா வா, இல்லேன்னா இங்கயே ஆடுங்களோட கிட" என்று அவள் கத்தியது பக்கத்து வீடு வரை கேட்டிருக்கிறது. குட்டியோடு மந்தையை விட்டுப் பிரிந்துபோன ஓர் ஆட்டைப் பிடித்து வருவதாகவும், ஏரிப் பக்கம் போவதாகவும் ஹால்வரிடம் சொல்லிவிட்டு அவன் ஏறினான். ஏரி மலைக்குக் கிழக்கே இருக்கிறது.

அன்று மாலை மூடுபனி இறங்கியது. நாய்களோடு மீட்புக் குழு வந்தது. ஊரே வரிசையாக நின்று கிழக்குச் சரிவைச் சலித்தது. மேற்குச் சரிவை, மூடுபனி கொஞ்சம் விலகிய நேரத்தில், ஹெலிகாப்டரிலிருந்து பார்த்ததோடு சரி. வாரம் முடியும் முன்னே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அவன் தேடிப்போன ஆடு குட்டியோடு தானாகவே இறங்கி வந்து பட்டி வாசலில் நின்றது. ஹால்வர் அதன் முகத்தைப் பார்க்காமல் வாசலைத் திறந்துவிட்டான்.

பிறகு யாரோ ஒருவர், ஆர்வெயுடையதைப் போன்ற சிவப்புப் பை மாட்டிய ஒருவனைப் படகுத்துறையில் பார்த்ததாகச் சொன்னார். சண்டை விஷயமும் அதோடு சேர்ந்துகொண்டது. தோருன் ட்ரோன்ஹைமுக்குப் போகவில்லை. இருட்டு மாதங்களில் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"செத்துட்டான்னா அழலாம். ஓடிட்டான்னா திட்டலாம். நான் எதைச் செய்யறது, சொல்லு?"

அவனுடைய போன் இணைப்பை மட்டும் அவள் ரத்து செய்யவில்லை. முதலில் அந்த எண்ணுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

மே மாதத்தில் வந்த செய்தி இதுதான். அவள் என்னிடம் போனை நீட்டினாள். நான் பானையைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன்.

'விழுந்துட்டேன். இடது கால் ஒடிஞ்ச மாதிரி இருக்கு. குளிர்ல போன் அணையுது. வெயில் வந்ததும் சார்ஜ் ஏத்திட்டு எழுதுறேன். ஹால்வர்கிட்ட சொல்லு, ஆட்டை விட்டுட்டு என்னைத் தேடட்டும். கோபத்தை அப்புறம் வெச்சுக்கலாம்.'

"இப்பத்தான் வந்தது" என்றாள். "இப்பத்தான். உயிரோட இருக்கான். எங்கயோ விழுந்து கிடக்கான்."

அப்படியே ஓடினாள். பிள்ளைகளை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். ஹால்வரின் பட்டியில் குட்டி ஈனும் பருவம். முழங்கை வரை ரத்தமும் ஈரமுமாக அவன் ஓர் ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். போனைத் தொடாமல் தோருன் கையிலேயே வைத்துப் படித்தான். அப்புறம் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரு! ஆளைக் கூப்பிடு!"

"தோருன்..." அவன் சுற்றிலும் கையைக் காட்டினான். "ஆடெல்லாம் பட்டியில இருக்கு. மே மாசத்துல எந்த ஆட்டைத் தேடுவான்? இது பழசு. அன்னிக்கு எழுதுனது."

"பழசுன்னா இப்ப யார் அனுப்புனா?"

குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. தோருன் அவன் எண்ணுக்கு அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். செப்டம்பரிலிருந்து, இணைப்பில் இல்லை என்று ஒரு பெண்குரல் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த எண் அது. இப்போது மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஹால்வர் கையைக் கழுவிவிட்டுப் போலீசுக்குப் போனான். வந்த பெண் அதிகாரி நல்லவள், பொறுமையாகக் கேட்டாள். செல்போன் கோபுரத்தை வைத்துப் பார்த்தால் போன், மலைகளுக்கிடையே கடல் நுழைந்துகிடக்கும் இந்த ஃபியோர்டைச் சுற்றி எங்கேயோ இருக்கிறது என்பது வரைதான் தெரியும் என்றாள். மலை, கடற்கரை, எங்கள் வீடுகள், படகுத்துறை எல்லாமே அந்த வட்டத்துக்குள்தான்.

"யாராவது கண்டெடுத்திருக்கலாம். சார்ஜ் போட்டதும் பழைய செய்தி கிளம்பி வந்திருக்கும். யாரோ போட்டிருக்காங்க, போன் தானா உயிர் பிழைக்காதில்ல?"

அந்த 'யாரோ' எங்கள் ஊரைப் பிடித்துக்கொண்டான். ஓடிப்போனான் என்றவர்களுக்குக் கொண்டாட்டம். ஏதோ மீன்பிடிக் குடிசையில் ஒளிந்திருக்கிறான், இரக்கம் தேட அந்தச் செய்தியை அனுப்பியிருக்கிறான் என்றார்கள். பூட்டியிருந்த குடிசைகளைச் சிலர் போய் எட்டிப்பார்த்தார்கள். நானே ஒருநாள் கடற்கரையில் நடக்கும்போது, யாரோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது போலத் தோன்றி வேகமாக நடந்தேன்.

தோருன் தினமும் அழைத்தாள். சில நாட்களில் அந்தப் பெண்குரல்தான். சில நாட்களில், மத்தியானத்துக்கு மேல், மணி அடிக்கும். பள்ளியின் துணிமாட்டும் அறையில், சின்னச் சின்னச் சட்டைகளுக்கு நடுவே நின்று அவள் பேசுவது எனக்குக் கேட்கும்.

"எடு, ஆர்வெ. எடுத்துத் தொலை. திட்டணும்னா எடுத்துத் திட்டு."

ஒருநாள் மணி பாதியில் நின்றது. அவள் முகம் வெளுத்து வெளியே வந்தாள்.

"கட் பண்ணிட்டான். என் பேரைப் பார்த்துட்டுக் கட் பண்றான்."

அது பல தடவை நடந்தது. அடிக்கும், பாதியில் அறுந்துபோகும். அவள் சாப்பிடுவதை விட்டாள். சாகாத ஒருவன் தினமும் தன்னை மறுக்கிறான் என்ற நினைப்பு அவளை உள்ளிருந்து தின்றது. எனக்கோ வேறொரு பயம். எடுக்காத அந்தக் கை எப்படிப்பட்ட கையாக இருக்கும் என்று நினைப்பேன். உடனே நினைப்பதை நிறுத்திவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நன்றாக வெயில் அடித்தது. பிள்ளைகள் முற்றத்தில் மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோருன் வேலியில் சாய்ந்து அழைத்தாள். மணி அடித்தது. எங்களுக்கு நேர் எதிரே மலையின் மேற்குச் சரிவு, பனி பாதி கரைந்து, கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளத்தது. கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது. அதன் நிழல் தண்ணீரைக் கடந்து, பிர்ச் மரங்களைக் கடந்து, சரிவில் ஏறியது. பாறைக் குவியல்கள் ஒவ்வொன்றாக இருண்டன.

மணி அறுந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மலையையே பார்த்தாள். மேகம் முகட்டைத் தாண்டிப் போய், சரிவு மறுபடி வெளுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைத்தாள். மணி அடித்தது.

இன்னொரு மேகம் வரும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். அது வந்தது. நிழல் ஏறியது. மணி நின்றது.

"யாரும் கட் பண்ணலை" என்றாள் தோருன், மெதுவாக. "யாரும் சார்ஜ் போடலை."

எனக்குப் புரிய இன்னும் ஒரு நொடி ஆனது. பிறகு ஹால்வர் கேலி செய்த அந்தத் தகடு கண்முன் வந்தது. ஆட்டின் புள்ளி மேற்கே நகர, ஆர்வெயும் அதன் பின்னாலேயே போயிருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்து, இப்போது வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. உறைந்து கெட்டுப்போன பாட்டரியில் ஒன்றும் தங்கவில்லை, வெயில் படும்போது மட்டும் போன் விழிக்கிறது. அவன் போனுக்குப் பூட்டு எதுவும் கிடையாது, எண்ணை மறந்துவிடுவான் என்பதால். விழித்தவுடன், அன்று போகாமல் நின்ற செய்தியை அது அனுப்பியிருக்கிறது.

"ஹால்வரைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். நாளைக்கு." அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் அவன் என் மேல கோபமா இருந்துட்டுப் போகட்டும்."

மாலை வரை அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள். நான் தடுக்கவில்லை.

மறுநாளும் வெயில்தான். ஹால்வர், அந்தப் பெண் அதிகாரி, மீட்புக் குழுவிலிருந்து சிலர், நான், தோருன், எல்லாரும் மேற்குச் சரிவில் ஏறினோம். எங்கும் உருகும் நீர் கற்களுக்கடியில் ஓடும் சத்தம். கோடாரியால் பிளந்ததுபோல ஆளுயரப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடம் வந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். தோருன் அழைத்தாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம் மட்டுந்தான். பிறகு எங்கோ மேலே, கற்களின் நடுவிலிருந்து, பழைய மேசைத் தொலைபேசியின் மணி. ஆர்வெயின் போன் அப்படித்தான் அடிக்கும். கடையில், படகில், கூட்டத்தில் எத்தனையோ தடவை கேட்டுச் சலித்த சத்தம். மீட்புக் குழுவில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

ஹால்வர் ஓட ஆரம்பித்தான். "ஆர்வெ!" என்று கத்தினான், பதில் வரும் என்பது போல. எதிரொலியில் மணிச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் குழம்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் மூடியது. மணி நின்றது.

"அசையாதீங்க" என்றாள் தோருன். "நில்லு ஹால்வர். வரும்."

நின்றோம். குளிர்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவள் முகம் மட்டும் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. மேகம் நகர்ந்தது, வெயில் எங்கள் தோள்மீது விழுந்தது. அவள் மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை மணி எங்களுக்கு மிக அருகில், இடது பக்கம் அடித்தது.

தட்டைப் பாறை ஒன்றின்மேல் தகடு முழுதாக விரிந்திருந்தது. காற்று அடித்துப் போகாதபடி நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தான். ஒடிந்த காலோடு அந்தக் கற்களை எப்படிப் பொறுக்கினான் என்று தெரியவில்லை. தகடு மேற்கே, ஃபியோர்டைப் பார்த்து, கொஞ்சம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் பாறையிடுக்கில் இறங்கியது. இடுக்கின் உள்ளே, காற்றுப் படாத மூலையில், முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். போன் அவன் மடியில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவள் பெயர்.

அவன் விழுந்த அந்த நாட்கள் முழுக்க மூடுபனி. வெயில் வரவேயில்லை. அதன்பின் பனி கொட்டியது.

அதிகாரி குனிந்து ஒயரைப் பிடுங்கப் போனாள்.

"இருங்க" என்றாள் தோருன். அவள் தன் போனை அணைக்கவில்லை. மணி தானாக ஓயும்வரை அடிக்க விட்டாள். ஓய்ந்ததும் இடுக்கில் இறங்கி, அவளே ஒயரைக் கழற்றினாள். அவன் சட்டையின் தோளில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "கோபத்தை அப்புறம் வெச்சுக்கலாம்னு சொன்னியே" என்று மட்டும் சொன்னாள். அழுதது ஹால்வர்தான். "ஒட்டகம்னு சொன்னேன்டா" என்று பாறையில் நெற்றியை வைத்து விம்மினான். அவனை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஜூனில் அடக்கம் செய்தோம். ஓடிப்போனான் என்று சொன்னவர்கள் கேக் சுட்டுக்கொண்டு வந்தார்கள். தோருன் எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோடையில், வெயில் அடிக்கும் மத்தியானங்களில், எங்கள் ஊரில் யாருடைய போன் அடித்தாலும் பேச்சு நின்றுபோகும். கடைக்காரர் தன் போனின் மணியை மாற்றிவிட்டார். நான் என்னுடையதைச் சத்தமில்லாமலேயே வைத்திருந்தேன்.

செப்டம்பரில் ஆடு ஓட்டும் நாள் வந்தபோது தோருன் காலணியைக் கட்டிக்கொண்டு பட்டி வாசலில் நின்றாள். அவள் இதுவரை வந்ததே இல்லை.

"எனக்கு மேற்குப் பக்கம் குடு" என்றாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம், தோருன். அங்க நான் போறேன்."

"நீ போனா பாறையைக் கட்டிக்கிட்டு உக்காந்துருவ. ஆட்டை யாரு ஓட்டுறது?"

ஹால்வர் தன் விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

அன்று மழைத்தூறல். கீழே வரிசையில் நின்ற எங்களுக்கு, மேலே பாறைகளின் நடுவே அவள் மஞ்சள் கோட்டு போவதும் மறைவதும் தெரிந்தது. ஓரிடத்தில் நீண்ட நேரம் நின்றாள். பிறகு விசில் சத்தம் கேட்டது, நனைந்த ஆடுகள் சில அவள் முன்னால் சரிந்து இறங்கி வந்தன. ட்ரோன்ஹைமிலிருந்து மறுபடி கேட்ட வேலைக்கு ஜனவரியில் வருவதாக எழுதிவிட்டதாக, ஆடுகளை எண்ணி முடித்த பிறகு என்னிடம் சொன்னாள்.