பதினோராம் கட்டத்தில் எதுவும் இல்லை

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் எழுதாமல் விட்ட இடத்திலிருந்து வந்தது. 1987, வறட்சி ஆண்டு. நான் தர்மபுரியில் செய்தியாளன். படிவம், ஊர் ஊராக எடுத்த குடிநீர்க் கணக்கெடுப்புக்கானது. பதினோராம் கட்டத்தின் கேள்வி: 'குடிநீர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில்?' பதில் இல்லை.

சித்தேரி மலையின் மேல் வெயில் ஒரு

[விட்டுவிட்டேன். வெயிலில் தொடங்கும் வறட்சிக் கதைகள் போதும்.]

ஆழ்துளைக் கிணறு போடவேண்டிய ஊர்களின் பட்டியல் மாவட்டக் குடிநீர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. சித்தேரி மலையிலிருந்து பஸ் ஏறி வந்த செல்லியின் ஊர் அதில் இல்லை. அதிகாரி தீர்த்தகிரி கம்ப்யூட்டர் தாளைப் புரட்டினார்.

"உங்க ஊருக்கு தூரம் பூஜ்ஜியம்னு இருக்குதும்மா. வாசல்லயே தண்ணி."

"யாரு வூட்டு வாசல்லங்க? காட்டுங்க, போயி மொண்டுக்கிறேன்."

2

தீர்த்தகிரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. முதல் வரைவில் அவருக்கு மோதிரம் போட்டு, லஞ்சம் வாங்கவைத்தேன். கதை எளிதாக நகர்ந்தது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் அல்ல, தாளை நம்பியவர். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் பரிதா. மூலப் படிவத்தைத் தேடி எடுத்துவந்தாள். கணக்கெடுக்கப் போனவர், பஸ் பாதி மலையில் நின்றுபோனதால், ஊர்ப் பெயரையும் வீட்டு எண்ணிக்கையையும் பழைய பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டு, கேட்காததைக் காலியாக விட்டிருந்தார். நேர்மையான மனிதர்.

"அவரு எழுதாமத்தான் விட்டிருக்காரு சார். எண் வர்ற எடத்த மிஷினு காலியா வுடாது. தானா பூஜ்ஜியம் போட்டுக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? ஒண்ணுமில்லன்னா பூஜ்ஜியம்."

செல்லி இடைமறித்தாள். "ஏங்க, எத்தன புள்ளைன்னு இங்க என்னைய யாருமே கேக்கல. அதுக்குன்னு நான் மலடியாங்க? மூணு பெத்திருக்கேன்."

அறையே சிரித்தது. தீர்த்தகிரியும் சிரித்தார். பிறகு அவர் மட்டும் நிறுத்தினார்.

"பரிதா, இப்படி இன்னும் எத்தன ஊரு?"

(கதை இந்த இடத்தில் என் கையைவிட்டுப் போனது.)

3

கேட்கவில்லை என்பதற்கு அடையாளமாக, காலி இடத்துக்கு 99 என்று போட்டுவிடலாம் என்றார் தீர்த்தகிரி. பரிதா ஒப்பவில்லை. "நாளைக்கி யாராச்சும் அதையும் கூட்டி சராசரி போட்டா? தண்ணிக்கி ஆந்திராவுக்கே போறாங்கன்னு வரும் சார்."*

* பிற்பாடு பல பெரிய அலுவலகங்களில் இந்தத் தவற்றைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பரிதாக்கள் இல்லை.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்துக்கு இடம் ஒதுக்கினாள்: கேட்டதா, கேட்காததா? அவ்வளவுதான். படிவங்களை முதலிலிருந்து மறுபடி ஏற்றினாள். ஒன்பது நாள்.

கேட்கப்படாத ஊர்கள் முப்பத்தேழு. பூஜ்ஜியம் இருந்த மற்ற ஏழு ஊர்களில் உண்மையாகவே வாசலில் தண்ணீர் இருந்தது. கணக்கெடுத்தவர் தன் கையாலேயே பூஜ்ஜியம் எழுதியிருந்தார். அந்தப் பூஜ்ஜியங்களைப் பரிதா தொடவில்லை.

முப்பத்தேழு ஊருக்கும் ஆள் போனது. செல்லியின் ஊரில் கிலோமீட்டர் தெரியாது. "நாலு எறக்கம்" என்றார்கள். தண்ணீர் கொண்டுவரும் வழியில் நான்கு முறை குடத்தை இறக்கிவைக்கவேண்டிய தூரம். அளந்தார்கள்: மூன்று கிலோமீட்டர். புதிய பட்டியலில் முதல் ஐந்து ஊர்களுக்குள் அது வந்தது.

4

முடிவுகள்.

அ. பட்டியலில் பெயரைக் கண்ட செல்லி

[வேண்டாம். அவள் பட்டியலைப் பார்த்து அழுகிறவள் அல்ல.]

ஆ. துளைபோடும் வண்டி மலையேறியது. நானும் போனேன். மதியம்வரை வெறும் புழுதி. "என்னங்க, மறுபடி பூஜ்ஜியமா?" என்று செல்லி கேட்க, "இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்மா" என்றார் தீர்த்தகிரி. அவர் வாய் மூடுவதற்குள் தண்ணீர் பீறிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டை செம்மண் நிறமானது. செல்லி குலவையிட்டாள். அதுவரை மலைக்கு வந்தே இராத பரிதா கையில் குடையோடு நின்றாள், விரிக்கவே இல்லை.

பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.

தண்ணீர் வந்த ஆழம்: [          ] அடி.

நான் கேட்கவில்லை. எல்லோரும் நனைந்துகொண்டிருந்தோம். இந்த இடத்தை நிரப்ப உங்கள் கை துடிக்கலாம். மலையேறிப் போய், செல்லியைக் கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் காலியாகவே விடுங்கள்.

பூஜ்ஜியம் மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் நனைந்திருக்கிறேன்.