கறுப்பு சைக்கிள் யாருக்கு?

பெவர்லி நெவிலின் காரில் ஏறியதும் முதலில் ஷூவைக் கழற்றுவாள். பிறகு சமையலறைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த டோஸ்ட்டைப் பிரிப்பாள். பிங்லியிலிருந்து இருவரும் வேலை பார்க்கும் டவுன் ஹாலுக்கு நெரிசலோடு சேர்த்து இருபத்தைந்து நிமிடம். அதற்குள் டோஸ்ட்டும் முடியும், ரேடியோவில் வரும் வினாடிவினாவும் முடியும். ஆறு வருடமாக இதே கதை. சீட்டில் உதிர்ந்த துகள்களை வெள்ளிக்கிழமை சாயங்காலமே நெவில் தட்டிவிடலாம். தட்டமாட்டான். ஞாயிறு ராத்திரி வரை அவை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவான். ஐம்பத்திநான்கு வயது ஆள், உரிமம் வழங்கும் பிரிவில் தலைமைக் குமாஸ்தா. மனசில் இருப்பதைச் சொல்ல வாய் வராதவனுக்கு வேறு என்ன வழி?

அந்தச் செவ்வாய்க்கிழமை டோஸ்ட்டைப் பிரிக்காமல் ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். பக்கமெல்லாம் சைக்கிள்.

"ஆபீஸ் சைக்கிள் திட்டத்துல சேரலாம்னு பாக்கறேன், நெவ். அவங்களே வாங்கிக் குடுத்து மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. வரிக்கு முன்னாடியே பிடிக்கறதால நமக்கு லாபம்தான். வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட பேர் சேக்கறத மூடிடுவாங்களாம்."

நெவிலின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"யாரு சொன்னா?"

"டாரன்தான்."

டாரன்! கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் ஆறடி ஆள். டிசம்பர் குளிரிலும் அரை டவுசரோடு வந்து, நனைந்த கையுறைகளை டீ ரூம் ஹீட்டர்மேல் காயப்போட்டு, நாற்றத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பவன். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மின்சார சைக்கிள் இருக்கிறது. இவளும் ஒன்று வாங்கிவிட்டால் கால்வாய்க்கரை வழியாக இரண்டு பேரும் ஜோடியாகப் போவார்கள், இவன் மட்டும் காலி சீட்டோடு நெரிசலில் நிற்பான்.

ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டு சைக்கிளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். ஒன்று பச்சை, பெண்கள் ஓட்டுவது. இன்னொன்று கறுப்பு, ஆண்கள் ஓட்டுவது. வண்டி மாற்றப்போகிறானாக்கும் டாரன். அதையும் இவளே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறாளாக்கும்!

"ஆமா, உன் உயரம் எவ்வளவு?" என்றாள் பெவர்லி திடீரென்று.

டாரனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள்.

"ஆறடி" என்றான் நெவில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் முதுகை நிமிர்த்திக்கொண்டு.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

புதன்கிழமை மதியம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது கார் நிறுத்துமிடத்தில் பெவர்லி டாரனின் சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அவள் சிரித்த சிரிப்பு கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. டாக்சி உரிமம் கேட்டு வந்து எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், "சார், தப்பான இடத்துல முத்திரை குத்திட்டீங்க" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் திட்டத்தின் விதிகளை முழுக்கப் படித்தான் நெவில். பதினான்கு பக்கம். ஒரு குறையாவது கிடைக்காதா என்று படித்தான். கிடைக்காமலா போகும்?

வியாழக்கிழமை சாயங்காலம் காரில் ஆரம்பித்தான்.

"ஏம்மா பெவ், வருஷம் முழுக்க அந்த சைக்கிள் உன்னோடதே இல்ல, தெரியுமா? ஆபீஸோடது. நீ வாடகைக்கு ஓட்டறே, அவ்வளவுதான்."

"இருக்கட்டுமே. அப்புறம் கொஞ்சம் குடுத்தா நமக்கே தந்துடுவாங்க."

"மழை?"

"கோட் இருக்கு."

"திருட்டு?"

"பூட்டும் சேத்துத்தான் தர்றாங்க. என்னப்பா, நீ சைக்கிள் பேச்சு பேசறியா, இல்ல வக்கீல் வேலை பாக்கறியா?"

நெவில் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"சரி, நடுவுல வேலைய விட்டா? மிச்சம் இருக்கற மொத்தத்தையும் கடைசிச் சம்பளத்துல ஒரேயடியா பிடிச்சுக்குவாங்க. அதுக்கு வரிச் சலுகையும் கிடையாது. கையெழுத்துப் போட்டா ஒரு வருஷம் உன்னக் கட்டிப்போட்ட மாதிரிதான்."

அவள் வைப்பர் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "அதத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

அடி சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்று நெவிலுக்குப் புரிந்தது. விடுவானா?

"எதுக்கு வம்பு? நாளைக்கு நல்ல வேலை ஒண்ணு வரும். கட்டு இல்லாம இருந்தா உடனே போகலாம். உன்னோட எடத்துல நான் இருந்தா கையெழுத்தே போடமாட்டேன்."

"நிஜமாவா சொல்றே?"

"சத்தியமா."

பெவர்லி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி அடித்தபோது நெவில் கடிகாரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கீழே வந்து காரில் ஏறியதும், "கையெழுத்துப் போட்டியா?" என்றான். "போடல" என்றாள். முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவன் குனிந்து பெல்ட்டைத் தேடினான். மதியமே பேக்கரியில் வாங்கி வைத்திருந்த கஸ்டர்ட் கேக் டப்பாவை அவள் மடியில் வைத்தான்.

"இது எதுக்கு?"

"சும்மாதான். வெள்ளிக்கிழமையாச்சே."

கார் பெரிய ரோட்டில் ஏறி நெரிசலில் நின்றது. பெவர்லி டப்பாவைத் திறக்கவில்லை.

"உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன், நெவ். தூரத்துல, விட்பியில அக்கா இருக்காள்ல, அந்த ஊர் கவுன்சில்ல எனக்கு வேலை குடுத்திருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போறதா இருக்கறதான்னு முடிவே எடுக்க முடியல. சரி, சைக்கிளுக்குக் கையெழுத்துப் போட்டா இங்கயே இருந்துடறது, போடலன்னா போயிடறதுன்னு வெச்சுக்கிட்டேன்."

நெவில் கேட்டான்: "அப்போ டாரன்?"

"டாரனா? டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு அர மணி நேரம் பேசுவான்பா அவன்! நமக்குத் தாங்காது."

"கறுப்பு சைக்கிள வட்டம் போட்டிருந்தியே?"

"அது உனக்கு" என்றாள் பெவர்லி, ரொம்பச் சாதாரணமாக. "நீயும் இந்த ஆபீஸ்லதானே சம்பளம் வாங்கறே? ரெண்டு பேருமா சேந்தா கால்வாய் ஓரமா அம்பது நிமிஷம் ஆகும்னு டாரன் சொன்னான். கார்ல இருபத்தஞ்சுதான். அம்பதாவது நிமிஷத்துலயாவது நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா நல்ல வேலை வந்தா போயிடுன்னு சத்தியம் பண்றே."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கார் பத்தடி நகர்ந்து மறுபடி நின்றது.

"நான் ஆறடி இல்ல, பெவ்" என்றான் நெவில். இவ்வளவுக்கும் அப்புறம் அவன் வாயிலிருந்து வந்தது அதுதான். "அஞ்சடி எட்டு."

"தெரியுமே. சின்ன சைஸ்லதான் வட்டம் போட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

"சைக்கிள் திட்டம் அடுத்தது எப்பத் தொறப்பாங்க?"

"ஏப்ரல்ல."

"நீ எப்பப் போகணும்?"

"பிப்ரவரி மொத வாரம்."

போகாதே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவள் வீட்டு வாசல் வரை பதினெட்டு நிமிடம் இருந்தது. நெவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான், கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டினான். கடைசியில், "கேக் ஆறிடும்" என்றான். அது முதலிலிருந்தே குளிர்ந்த கேக்.

பெவர்லி ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஆறு வருடமாகப் பின்சீட்டிலேயே கிடந்த தன் குடையை அன்றைக்கு மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.