அஜித் வராத வகுப்பு

இருபத்திரண்டு வருடமாகப் பரிமளா மேடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, அவர் நோட்ஸ் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள் என்பதுதான் சரி. கமாவும் முற்றுப்புள்ளியும்கூட அவர் வாயால்தான் விழும். அதற்கு வெளியே ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசச் சொல்லி அவரை யாரும் கேட்டதில்லை. நல்லவேளை, கேட்டதில்லை.

இந்த வருடம் பல்கலைக்கழகம் ஆங்கிலத் துறையைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியது. பெஞ்சுகள் போய், வட்டமாக நாற்காலிகள் வந்தன. துறைத் தலைவர் முத்துராமன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அடுத்த வெள்ளிக்கெழம கிளாஸப் பாக்கக் கமிட்டி வருதுங்க மேடம். நோட்ஸ் கூடாது, பிள்ளைக தானாப் பேசணும். சரியில்லேன்னா ஒங்களப் பரீட்சைப் பிரிவுக்கு மாத்திருவாங்க போல."

வகுப்பை விட்டால் பரிமளாவுக்கு வேறு உலகமில்லை. ஆனால் பழக்கம் யாரை விட்டது? அன்றைக்கே உட்கார்ந்து, பிள்ளைகள் 'தானாகப் பேச' ஓர் உரையாடலை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். எங்கே யோசிக்க வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. மணமேல்குடி ரம்யா கேள்வி கேட்பாள், ஆவுடையார்கோவில் அஜித் பதில் சொல்வான். இருவரும் ஒரு வாரம் உருப்போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியிலிருந்து அமிர்தவல்லி அம்மா பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அஜித்தைக் காணோம். பஸ்ஸை விட்டுவிட்டானாம்.

ரம்யா என்ன செய்வாள், பாவம்! காலி நாற்காலியைப் பார்த்து, எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அஜித் பதில் சொல்லும் நேரம்வரை பொறுத்திருந்தாள். "ஓ, வெரி நைஸ்" என்று தலையாட்டினாள். பிறகு, எழுதியிருந்தபடியே சிரித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அமிர்தவல்லி குனிந்து ஏதோ எழுதினார்.

ரம்யாவின் கண் கலங்கியதைப் பரிமளா பார்த்தார். தன் பயத்தை இந்தப் பிள்ளை தலையில் கட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. விறுவிறுவென்று போய் அஜித்தின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்ததக் கேளும்மா."

இங்கிலீஷ் பேசப் பயமா என்பதுதான் அடுத்த கேள்வி. இல்லவே இல்லை, எனக்கு நிறையத் தைரியம் உண்டு என்பது பரிமளா எழுதிக்கொடுத்த பதில்.

"யெஸ்" என்றார் பரிமளா. இருபத்திரண்டு வருடமாகப் பயம் என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்.

ரம்யா திருதிருவென்று விழித்தாள். இதற்குப் பேப்பரில் ஒன்றும் இல்லை.

"வொய், மேடம்?"

தப்பாகப் பேசினால் நீங்களெல்லாம் சிரிப்பீர்களோ என்றுதான். பரிமளா வார்த்தை வார்த்தையாகத் தேடித்தான் சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஓரத்திலிருந்து கண்ணன், தனக்கும் அப்படித்தான் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அமிர்தவல்லி அதுவரை எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். "திங்கக்கெழமையும் இந்தக் கிளாஸ் ஒங்களுக்குத்தானே மேடம்? நானும் வந்து ஒக்காரட்டுமா?"

அந்த நேரம் பார்த்து அஜித் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றான். ரம்யா குறும்பாக அவனிடமும் அதே 'பயமா' கேள்வியைக் கேட்டாள். அவன் உருப்போட்டதைக் கடகடவென்று ஒப்பித்தான்.

"அது நான் எழுதின பொய்டா" என்றார் பரிமளா. "உள்ள வந்து ஒக்காரு."