ஐஸ் பேக் வியர்க்கும் வரை

குப்பை பிரிக்கும் கொட்டகையில் ஊசி போட ஒரே ஒரு நேரம்தான் உண்டு: காலையில், முதல் லாரி வருவதற்கு முன். லாரி வந்து கொட்டிவிட்டால் அப்புறம் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பிளாஸ்டிக் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் என்று கைகள் பறக்கும். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் இவர்கள் வருவதில்லை. கூலி போய்விடும் என்பது பாதிக் காரணம். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார் என்பது மீதிக் காரணம். அதனால் ஊசியே அவர்களைத் தேடி வந்தது. கொண்டு வந்த நர்ஸுக்கு அவர்கள் ஊசியக்கா என்று பெயர் வைத்தார்கள்.

அந்தத் தடுப்பூசி முதலில் இவர்களுக்குத்தான் தேவை. வீட்டுக் குப்பைப் பைக்குள் சர்க்கரை நோய்க்கு யாரோ குத்திக்கொண்டு வீசிய ஊசி இருக்கும், சவரப் பிளேடு இருக்கும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்துபோன ரத்தத்துளியில்கூட ஒரு வாரம் வரை சாகாமல் காத்துக் கிடக்கும். விரலில் குத்தினால் உள்ளே இறங்கிக் கல்லீரலில் குடியேறும். பலரிடம் வருஷக்கணக்கில் சத்தமே போடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் குடியிருந்த வீட்டையே இடிக்கத் தொடங்கும்.

இதையெல்லாம் எடை மேடையில் உட்கார்ந்து ஊசியக்கா சொல்லும்போது கேட்கவே நன்றாக இருக்கும். அவளுக்கு விளக்கிச் சொல்வதென்றால் பசி தெரியாது. முதல் முறை போனபோது ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. இரண்டாம் முறை தேநீர் கொடுத்தார்கள். அதற்கடுத்த முறை, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான ஆள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"போடுக்கா. எனக்குப் போட்டா இவ்வளவு உயரத்துக்கும் மருந்து பத்துமா, இல்ல ரெண்டு ஊசி வேணுமா?"

"உனக்கு ஏணி வெச்சுத்தான் போடணும் தம்பி."

கொட்டகையே சிரித்தது. சிரித்ததும் வரிசை உண்டாயிற்று. அடுத்த வாரம் இதே நேரத்துக்கு எல்லோருக்கும் போடுவதென்று முடிவாயிற்று.

அந்த அடுத்த வாரத்தில்தான் தவறு நடந்தது.

தடுப்பு மருந்தைக் குளிர்பெட்டியில் கொண்டுபோக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இந்த மருந்துக்கு வெயிலை விடப் பெரிய எதிரி பனிக்கட்டி. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே குப்பிகளின் பக்கத்தில் வைத்தால் மருந்து உறைந்துபோகும். அதனால் ஐஸ் பேக்குகளை மேஜைமேல் பரப்பிக் காத்திருக்க வேண்டும். மேலே வியர்வை பூக்கும். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். அப்போதுதான் அது பெட்டிக்குள் போகத் தகுதியானது. அதற்கு அரைமணி பிடிக்கும், சில நாள் அதற்கு மேலும் பிடிக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பவளே ஊசியக்காதான்.

அன்று வேன் சீக்கிரமே வந்துவிட்டது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். காலையிலேயே வெயில் கொளுத்தியது. இந்தச் சூட்டில் போகிற வழியிலேயே தானாக வியர்த்துவிடும் என்று நினைத்தாள். கல்லாக இருந்த ஐஸ் பேக்குகளை அடுக்கி, நடுவில் குப்பிகளை வைத்து மூடினாள். ஆனால் வெளிச்சூட்டை உள்ளே விடாமல் இருப்பதற்காகவே செய்த பெட்டி அது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

குப்பிகளோடு விரல் நீளத்தில் ஒரு சின்னக் கருவியும் பெட்டிக்குள் இருக்கும். அதன் கண்ணாடியில் ஒரு சரி அடையாளம் தெரியும். உறைகிற குளிரில் ஒரு மணி நேரம் கிடந்துவிட்டால் சரி மறைந்து பெருக்கல் குறி வந்துவிடும். பிறகு எந்தச் சூட்டில் வைத்தாலும் திரும்பச் சரி ஆகாது.

பாதிப் பேருக்குப் போட்டு முடித்து, புதுக் குப்பி எடுக்கக் குனிந்தபோது அவள் அதைப் பார்த்தாள். பெருக்கல் குறி.

நிமிர்ந்தாள். வரிசையில் அடுத்து நின்றவள் நெட்டையின் மனைவி. எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் நம்பாதவள். கொட்டகையில் அவளைப் பரிசோதகர் என்று கிண்டல் செய்வார்கள். அவளே வரிசைக்கு வந்திருக்கிறாள் என்பதுதான் அன்றைய வெற்றி. அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் நின்றார்கள். நிறுத்தினால் இனி ஒருவர்கூட வரமாட்டார்.

"என்னக்கா உள்ளயே பாத்துட்டு நிக்கறீங்க? நல்ல மருந்துதானே?"

"நல்ல மருந்துதாம்மா. கையைக் காட்டு."

அவள் கையைக் காட்டினாள். ஊசியக்கா போட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் போட்டாள். இந்தக் கருவிகள் சில சமயம் காரணமில்லாமல் மாறும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போட்டாள். எல்லாம் முடிந்ததும் நெட்டை கேட்டான், "இனி ஊசி கீசி குத்தினா பயமில்லையேக்கா?"

மூன்று முறை போட்டால்தான் முழுக் காப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்று போட்டிருந்தாலும், ஊசி குத்தினால் அன்றே ஓடி வா என்று சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாக இதையெல்லாம் சொல்லாமல் அவள் வாய் மூடாது. அன்று சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

"பயமில்ல தம்பி," என்றாள்.

சுகாதார நிலையத்துக்குத் திரும்பியதும் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மிஞ்சிய குப்பிகளில் ஒன்றையும், வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய இன்னொன்றையும் சேர்த்துக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தாள். மருந்துக்குள் மிக நுண்ணிய அலுமினிய உப்புத் துகள்கள் மிதக்கின்றன. கிருமியின் மேலுறையைப் போன்ற புரதம் அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல மருந்தைக் குலுக்கினால் பால் கலந்த தண்ணீர்போல வெகுநேரம் கலங்கியே நிற்கும். ஒருமுறை உறைந்துவிட்டால் துகள்கள் நெருங்கிக் கட்டியாகிவிடும். திரிந்த பால் பழையபடி பாலாவதில்லை, இதுவும் அப்படித்தான். உறைந்த மருந்தைக் குலுக்கி வைத்தால் திப்பி திப்பியாக மளமளவென்று அடியில் இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும்.

இரண்டு குப்பிகளும் ஒன்றுபோலவே தெளிந்தன.

உடம்புக்குக் கெடுதல் இல்லை, பலன்தான் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டாள். கெடுதல் இல்லையே. அடுத்த மாதம் போடுவதையே முதலாவதாக வைத்துக்கொண்டு, கடைசியில், மேலிடத்து உத்தரவு என்று ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த மாதம் முழுக்க அவள் எல்லோரிடமும் கொஞ்சம் கூடுதலாகவே அன்பாக இருந்தாள். ஓட்டுநருக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தாள். தூங்கும்போது மட்டும் "நல்ல மருந்துதானே" என்ற குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மாதம் ஐஸ் பேக்குகள் சொட்டச் சொட்ட வியர்த்த பிறகே கிளம்பினாள். கொட்டகையில் பெட்டியை இறக்கியதும் தராசுக்காரர் உரக்கச் சொன்னார்:

"ஊசியக்கா, உங்க ஆள் பெரிய வீரனாயிட்டான், தெரியுமா?"

நெட்டை இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஒரு கறுப்புப் புள்ளி.

"நாலு நாளைக்கு முன்னாடிக்கா. ஆஸ்பத்திரிப் பை ஒண்ணு நம்ம குப்பையில கலந்து வந்திருக்கு. உள்ள கையை விட்டேன், ரத்தம் ஒட்டின ஊசி ஒண்ணு சதக்குன்னு ஏறிடுச்சு. எல்லாரும் ஐயோ ஐயோங்கறாங்க, நான் சிரிக்கறேன். நமக்குத்தான் ஊசியக்கா ஊசி இருக்கேன்னேன்."

"சிரிச்சான்னா எப்படி? ஈன்னு," என்றார் தராசுக்காரர்.

ஊசியக்கா குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள். எடை மேடையைப் பிடித்துக்கொண்டாள். முள் ஆடி நின்றது.

"தம்பி, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வேன்ல ஏறு."

"எதுக்குக்கா? லாரி வந்துடும்."

"ஏறுன்னா ஏறு."

நெட்டையின் மனைவி கையுறையைக் கழற்றினாள். "நானும் வரேன்," என்றாள். வேனில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஊசி போட்டிருக்கில்ல, அப்புறம் என்ன அவசரம்?" ஒரு முன்னெச்சரிக்கைதான் என்றாள் ஊசியக்கா. சொன்னபோது தன் மடியைப் பார்த்தபடி இருந்தாள்.

டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். "நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

நெட்டை ஊசியக்காவைப் பார்த்தான், பிறகு டாக்டரைப் பார்த்தான். "வேலை இருந்துச்சு சார். என் சோம்பேறித்தனம்தான்."

"தடுப்பூசி?"

"முதல் ஊசி போட்டாச்சு சார். அக்காதான் போட்டாங்க." அவளுக்குப் பரிசு வாங்கிக் கொடுப்பவன்போல அவளைக் காட்டினான்.

டாக்டர் தலையாட்டினார். இந்த மாதிரிக் காயத்துக்கு இன்னொரு மருந்தும் உண்டு. தடுப்பூசி, எதிர்ப்புச் சக்தியைத் தானே சமைத்துக்கொள்ள உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிறது, அதற்கு நாளாகும். இந்த மருந்து வேறொருவர் உடம்பு சமைத்ததைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுக்கிறது. குத்திய உடனே கொடுத்தால் நல்லது. ஒரு வாரம் போனால் பெரும்பாலும் வீண்.

"அந்த மருந்து நம்மகிட்ட ரெண்டே குப்பிதான் இருக்கு," என்றார் டாக்டர், ஊசியக்காவிடம். "யார் ரத்தம்னும் தெரியல. இவருக்கு முதல் டோஸ் ஏறியிருக்கு. ரெண்டாவதை இன்னிக்கே போட்டுட்டா போதும்னு நினைக்கிறேன். என்ன சொல்றீங்க?"

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். தலையாட்டினால் போதும். நெட்டை புன்னகையோடு கட்டைவிரலை நீட்டியபடியே இருந்தான். அவன் மனைவி சுவரில் சாய்ந்து நின்று, டாக்டரைப் பார்க்காமல் ஊசியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டர்," என்றாள் ஊசியக்கா. குரல் வேறு யாருடையதோபோல வந்தது. "முதல் டோஸ் ஏறல. மருந்து உறைஞ்சு போயிருந்துச்சு. ஐஸ் பேக் வியர்க்கறதுக்கு முன்னாடியே பெட்டியில வெச்சுட்டேன். அன்னிக்கு அங்க யாருக்குமே எதுவும் ஏறல. இவர் சோம்பேறித்தனத்துல வராம இல்ல. பயமில்லன்னு நான் சொன்னேன், அதான் வரல."

டாக்டர் பேனாவை வைத்தார். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பாதியிலயே." அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது. "உனக்குப் போடறதுக்கு முன்னாடியே தெரியும்மா."

நெட்டையின் விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. அவன் மனைவி கத்துவாள் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் மேல்கையைத் தேய்த்தாள், ஊசி போட்ட இடத்தை, ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைத் துடைப்பவள்போல.

"நான் கேட்டேனேக்கா," என்றாள். அவ்வளவுதான்.

டாக்டர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அந்த மருந்தை எடுத்து வரச் சொன்னார். நெட்டைக்கு ஒரு கையில் அது, மறு கையில் தடுப்பூசி. கிருமி ஏறியதா இல்லையா என்று தெரிய மாதக்கணக்கில் ஆகும், நடுநடுவே ரத்தம் கொடுக்க வேண்டும், அதுவரை வீட்டிலும் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் விளக்கிச் சொல்பவள் ஊசியக்கா. அன்று அவள் டாக்டர் சொன்ன தேதிகளை நெட்டையின் சீட்டில் குறித்துக் கொடுத்தாள்.

நிலையத்தில் மேலதிகாரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கொட்டகைக்கு வேறு நர்ஸை அனுப்பலாமா என்றார் அவர். போய்ச் சொல்ல வேண்டியது தான்தான் என்றாள். அடுத்த வாரம் எடை மேடைமேல் நின்று, அன்று போட்டது அத்தனையும் வீண், தெரிந்துகொண்டேதான் பாதிப் பேருக்குப் போட்டேன் என்று எல்லோருக்கும் சொன்னாள். யாரும் திட்டவில்லை. ஒருவர் காறித் துப்பினார், அது தூசிக்காகவும் இருக்கலாம். தராசுக்காரர் எழுந்து வெளியே போனார். பாதிப் பேர் அவர் பின்னாலேயே போனார்கள்.

மீதிப் பேர் நின்றார்கள். ஏனென்றால் நெட்டையின் மனைவி நின்றாள்.

"பெட்டியைத் திற," என்றாள். இப்போது அக்கா என்ற சொல் இல்லை. "எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படிப் பாக்கறது? காட்டு."

ஊசியக்கா காட்டினாள். வேண்டுமென்றே உறைய வைத்த குப்பி ஒன்று கையோடு கொண்டு வந்திருந்தாள். நெட்டையின் மனைவி அதையும், பெட்டியிலிருந்த ஒன்றையும் இரண்டு கைகளில் வாங்கிக் குலுக்கி, தராசுத் தட்டில் வைத்து, எதிரே குந்தி உட்கார்ந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு குப்பிக்குள் வெள்ளை திப்பி திப்பியாக இறங்கத் தொடங்கியது. மற்றது கலங்கியபடியே இருந்தது.

"பரிசோதகர் பாத்தாச்சு, சட்டையைச் சுருட்டுங்கப்பா," என்றான் நெட்டை பின்னாலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. அவனும் அதோடு நிறுத்திக்கொண்டான்.

தூரத்தில் லாரியின் சத்தம் கேட்டது. ஊசியக்கா அவசரமாகப் பஞ்சை எடுத்தாள்.

"இரு," என்றாள் நெட்டையின் மனைவி, குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

லாரி உள்ளே வந்து ஹாரன் அடித்தது. ஊசியக்கா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.